எட்டு மணி வகுப்பும் எண்ண மறந்த கணக்கும்

செமஸ்டர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் டைம்டேபிள் திருத்தும் வேலை நடக்கும். பெரும்பாலும் பழைய அட்டவணையைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஓய்வு பெற்றவர் பெயரை அடித்துவிட்டுப் புதிதாக வந்தவர் பெயரை எழுதுகிறார்கள். அறை கிடைக்கிறதா, ஒரே ஆசிரியருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு விழுகிறதா, பல்கலைக்கழக மானியக் குழு சொல்லும் வாராந்தரக் கற்பித்தல் நேரம், அதாவது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, பேராசிரியருக்கு 14 மணி, சரியாக வருகிறதா என்று பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த வகுப்பில் உட்காரப் போகிறவர்கள் அந்த நேரத்தில் பாடம் கேட்கும் நிலையில் இருப்பார்களா என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதையும் எடுக்க வேண்டும், முதல் கணக்காகவே எடுக்க வேண்டும் என்பதற்கு இப்போது வலுவான சான்று இருக்கிறது.

அந்தச் சான்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. அங்கே வகுப்புகள் காலை 8 மணிக்கே தொடங்குகின்றன. மாணவர்களின் கைபேசியும் மடிக்கணினியும் வளாகத்தின் வைஃபையில் இணையும் பதிவுகளை வைத்து, 23,391 பேர் எப்போது விரிவுரைக்கு வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். எட்டு மணி விரிவுரைக்கு வந்தவர்களின் விகிதம் மற்ற நேரங்களைவிடப் பத்து சதவீதப் புள்ளிகள் குறைவு. இணையவழிப் பாடத்தளத்தில் 39,458 மாணவர்கள் நுழைந்த நேரங்களையும், மணிக்கட்டில் கருவி கட்டிக்கொண்ட 181 பேரின் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. காலை வகுப்பு உள்ள நாளில் இரவுத் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குறைகிறது. 33,818 மாணவர்களின் மதிப்பெண்களை ஒப்பிட்டதில், வாரத்தில் எத்தனை நாள் காலை வகுப்பு இருக்கிறதோ அதற்கேற்ப மதிப்பெண் சராசரி இறங்குவதும் தெரிந்தது. 2023இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் இந்த ஆய்வு வெளியானது.

‘சீக்கிரம் படுத்தால் சீக்கிரம் எழலாமே, இதற்கு ஏன் பல்கலைக்கழகம் மாற வேண்டும்?’ என்று எந்த வீட்டுப் பெரியவரும் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் சிங்கப்பூர் மாணவர்கள் இழந்த அந்த ஒரு மணி நேரம், வழக்கத்தைவிட முன்னதாக எழுந்ததால் போனது. முந்தைய இரவு சீக்கிரம் படுத்து அதை அவர்களால் ஈடுகட்ட முடியவில்லை. பதின்வயதில் உடலின் உட்கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. தாமதமாகத் தூங்கி எழும் இந்தப் போக்கு இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாகக் குறைகிறது. அட்டவணை போடுகிறவர்கள் அந்த வயதைக் கடந்தவர்கள். விடியற்காலையில் தங்களுக்கு மூளை சுறுசுறுப்பாக இருப்பதால் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுவது எளிது.

இன்னும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. காலை வகுப்பில் சேர்கிறவர்களே படிப்பில் பின்தங்கியவர்களாக இருக்கலாம். அப்படியானால் பழி நேரத்தின் மீது விழக் கூடாது. இதற்குப் பதில் அமெரிக்க விமானப்படை அகாதமியில் கிடைக்கிறது. அங்கே முதலாண்டு மாணவர்கள் தங்கள் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. குலுக்கல் போலத்தான் யாருக்கு எந்த நேரம் என்பது அமைகிறது. வருகையும் கட்டாயம். ஆகவே சோம்பேறிகள் ஒரு பக்கம் குவிந்தார்கள் என்றோ, வகுப்புக்கே வராததால் மதிப்பெண் போனது என்றோ சொல்ல வழியில்லை. அப்படியிருந்தும், எட்டு மணிக்கு முன்பு முதல் பாடவேளை அமைந்தவர்கள் அந்தப் பாடத்தில் மட்டுமல்லாமல், அன்றைய மற்றப் பாடங்களிலும் பின்தங்கினார்கள். பொருளியலாளர்கள் 2011இல் வெளியிட்ட இந்த முடிவை அட்டவணைக் குழுக்கள் அவசியம் படிக்க வேண்டும். ஒரு பாடவேளையைத் தவறான இடத்தில் வைத்தால் நாள் முழுவதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அறைப் பற்றாக்குறை என்ற எதிர்வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எட்டு மணி வகுப்பை எடுத்துவிட்டால் அது பத்து மணிக்குப் போகும். அங்கே ஏற்கெனவே ஒரு வகுப்பு இருக்கும். பெரிய அட்டவணைக்குக் குறையில்லாத தீர்வை விரைவாகக் கண்டுபிடிக்கும் பொதுவழி எதுவும் கணினிக்கே தெரியாது. இது அவ்வளவு கடினமான கணக்குகளின் வகையைச் சேர்ந்தது என்று 1976லேயே நிறுவிவிட்டார்கள். ஆனால் முழுத் தீர்வு இல்லை என்பதற்காகப் பழையதையே வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் பயன்படுத்தும் யூனிடைம் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இருக்கும் அட்டவணையை அதிகம் கலைக்காமல் திருத்தவும் அது உதவும். மென்பொருள் இல்லாமலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மதிப்பெண்ணோடு தொடர்புள்ளதாகச் சிங்கப்பூர் ஆய்வு காட்டியது, வாரத்தில் எத்தனை நாள் காலை வகுப்பு என்பதைத்தான். அறை போதவில்லை என்றால் ஒரே மாணவருக்கு ஐந்து நாளும் எட்டு மணி வகுப்பு வைக்காமல் இரண்டு நாளில் அடக்கலாம். மீதி நாட்களின் காலை அறைகள் வேறு பிரிவுக்குப் போகட்டும், சுமை பங்கிடப்படும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இப்படிப் பங்கிடுவது புதிதல்ல. பல கல்லூரிகளில் திங்கள், செவ்வாய் என்று பார்க்காமல் முதல் நாள், இரண்டாம் நாள் என ஆறு ‘டே ஆர்டர்’ வைத்து வகுப்புகள் சுழல்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தாலும் அன்றைய பாடம் மட்டும் தொடர்ந்து அடிபடுவதில்லை. பாடங்களிடம் காட்டும் இந்த நியாயத்தை மாணவரின் தூக்கத்திடமும் காட்டலாம். ஒரு விதிவிலக்கை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். காலை ஷிப்டில் படித்துவிட்டு மதியம் வேலைக்குப் போய் வீட்டுக்குச் சம்பாதிக்கும் மாணவருக்கு எட்டு மணி வகுப்புதான் பட்டப்படிப்பையே சாத்தியமாக்குகிறது. அவரிடம் போய்த் தூக்கத்தின் அருமையைப் பேசுவது வசதியுள்ளவர்களின் உபதேசமாகிவிடும். அங்கே நேரத்தை மாற்றுவதைவிட, விருப்பம் கேட்டுப் பிரிவுகளை அமைப்பதே சரி. முழுநேரப் படிப்பில் அந்தக் கட்டாயம் இல்லாத மற்ற மாணவர்களுக்கு, எட்டு மணியை நியாயப்படுத்தும் காரணம் பழக்கத்தைத் தவிர அதிகம் இல்லை. அடுத்த செமஸ்டர் அட்டவணையை இறுதி செய்யும் முன், எந்தப் பிரிவுக்கு வாரத்தில் எத்தனை காலை வகுப்புகள் என்ற எண்ணிக்கையைத் துறைகள் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். மாணவர்கள் கருத்துச் சொல்ல ஒரு வாரம் அவகாசம் தரட்டும்.