கேட்டு வாங்கும் பெயர்

மழையை நம்பிப் பிழைக்க முடியாத கரிசல் சீமையிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பியதும், அத்தொழில் பின்னர் பட்டாசாகவும் அச்சாகவும் கிளைத்து வளர்ந்ததும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த சரித்திரம். அந்தத் தொழிலோடு கூடவே வந்து சேர்ந்த 'மார்க்' என்னும் விஷயத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. இரண்டு ஆலைகளின் கம்பி மத்தாப்பை அருகருகே வைத்தால் கொளுத்திப் பார்க்கும்வரை தரம் தெரியாது. கொளுத்திய பிறகோ திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே, "அண்ணாச்சி, சேவல் மார்க் இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறவர், சென்ற தீபாவளியில் தமக்குக் கிடைத்த திருப்தியையே ஆதாரமாகக் கொண்டு பணத்தைக் கொடுக்கிறார். காளீஸ்வரி ஆலையின் சேவலும் அய்யன் ஆலையின் அணிலும் எழுத்தறியாதவர் ஞாபகத்திலும் தங்கியதற்குக் காரணம், அந்தச் சித்திரங்களின் அழகு மட்டுமன்று; பெட்டிக்குள் இருந்த சரக்கு ஆண்டுதோறும் அவற்றின் பேச்சைக் காப்பாற்றியதும் ஆகும்.

அந்த நம்பிக்கையை அபகரிப்பது எவ்வளவு சுலபம் என்பதும் இவ்வூர் அறிந்ததே. லேபிள் அச்சாகும் இடமும் அதை ஒட்டும் இடமும் ஒரே ஊராக இருக்கும்போது, பிரசித்தமான ஒரு லேபிளின் வர்ணத்தையும் கட்டத்தையும் அப்படியே வைத்து, பெயரில் ஓரெழுத்தை மாற்றிச் சந்தைக்கு அனுப்ப நெடுநாள் ஆகாது. இதைத் தடுப்பதற்கென்றே 1940-இல் வர்த்தகச் சின்னச் சட்டம் இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்டது. 1958-இல் வேறொன்று அதன் இடத்துக்கு வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 2003 செப்டம்பரில் அமலுக்கு வந்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம்.

சின்னங்களைப் பதிவதற்காக உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். பட்டாசு 13-ஆவது வகுப்பு, தீப்பெட்டி 34, காலண்டர் 16, விருதுநகர் எண்ணெய் 29. ஆதலால் பட்டாசுக்குப் பதிந்த பெயர் தீப்பெட்டிக்கும் தானாகச் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. தென்னிந்திய வியாபாரிகளுக்கு உரிய பதிவலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தனிநபரும் சிறுதொழில் நிறுவனமும் இணையவழியே விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 9,000. அதிகாரிகளின் பரிசீலனையில் தேறிய பெயரைச் சின்னங்களுக்கான அரசு இதழில் பிரசுரிக்கிறார்கள்; நான்கு மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் எழாவிட்டால், அல்லது எழுந்தும் நிற்காவிட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து பத்தாண்டுக்கு அப்பெயர் அவருடையதாகப் பதிவாகும். அதன்பின் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பல வருஷமாக அந்தப் பெயரில் வியாபாரம் செய்து வருவதாகச் சொல்பவர் அதைப் பிரமாணப் பத்திரத்தோடு நிரூபிக்க வேண்டியிருப்பதால், முதல் சரக்கு போன பில்லும் முதல் லேபிளுக்கு அச்சகம் கொடுத்த ரசீதும் பழைய காகிதக் கட்டோடு எடைக்குப் போய்விடாமல் பத்திரமாக இருப்பது நல்லது.

எல்லாப் பெயரையும் பதிந்துவிட முடியாது. குருவி வெடி, சங்கு சக்கரம், பூச்சட்டி என்பவை எந்த ஆலை செய்தாலும் வழங்கும் பெயர்கள். தொழில் முழுவதற்கும் பொதுவானதை ஒருவர் தமக்கென்று வேலி கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-இல் பெற்ற புவிசார் குறியீடும் இவ்வகையில் வேறானது. அதன் பயன், உரிய முறையில் அங்கே பால்கோவா செய்வோர் அனைவருக்கும் உரியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் நினைவுக்கு வருவது இயல்பு. அவள் பெயரைத் தாங்கிய மூக்குப்பொடி ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. சென்னையில் 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரில் பொடி விற்று அதைப் பதிவும் செய்திருந்த நிறுவனம் ஒன்று, 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரைச் சேர்த்துத் தம் பொடிக்குப் பதிவு கேட்ட மற்றொரு வியாபாரியை ஆட்சேபித்தது. அம்பாள் சிவபெருமானின் தேவி, ஆண்டாளோ அரங்கனை மணந்த வைஷ்ணவப் பெண்மணி, இருவரையும் எந்தத் தமிழ் இந்துவும் ஒன்றாக நினைக்கமாட்டான் என்ற வாதம் கேட்பதற்கு அசைக்க முடியாததாகவே தோன்றும். 1969-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பொடி வாங்குவோரில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்ஸிகளும் உண்டு, வியாபாரம் தென்னாட்டோடு நிற்பதும் இல்லை. அவர்களுக்கெல்லாம் இவ்விரு பெயர்களின் பேதம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சின்னங்களைக் கண்ணால் மட்டுமல்லாமல் காதாலும் ஒப்பிட வேண்டும் என்று அது தீர்மானித்தது. லேபிளிலுள்ள படம் வேறாக இருந்ததும் ஆண்டாள் தரப்பைக் காப்பாற்றவில்லை. இது மிகச் சரியான தீர்ப்பு என்பது என் துணிபு. ஏனெனில் சந்தடி மிகுந்த கடை வாசலில் நின்று சரக்குக் கேட்கிறவன் லேபிளைப் படித்துக் காட்டுவதில்லை, பெயரைச் சொல்கிறான், அதுவும் அரைகுறையாகச் சொல்கிறான். சிவகாசிப் பெட்டிகள் மொழி தெரியாத வடநாட்டுச் சந்தைகளுக்கெல்லாம் போவதால் இந்தத் தீர்ப்பு பொடிக் கடைக்குப் பொருந்துவதைவிடப் பட்டாசுக் கடைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பதியாதவருக்குப் பரிகாரமே இல்லை என்று சொல்வதற்கில்லை. தம் சரக்கென்று ஏமாற்றிப் பிறர் விற்பதைத் தடுக்க அவரும் நீதிமன்றத்தை நாடலாம். ஆனால் தம் பெயர் பிரசித்தமானது என்பதையும், ஜனங்கள் ஏமாறக்கூடும் என்பதையும், அதனால் தமக்கு நஷ்டம் என்பதையும் அவரே முதலிலிருந்து நிரூபித்தாக வேண்டும். பதிந்தவருக்கோ பதிவுச் சான்றே முதல் சாட்சி. பெட்டியின் மேல் பல வர்ணங்களைக் கொட்டி அச்சடிக்கத் தயங்காத சிறு ஆலைக்காரர்கள், அந்தப் பெட்டியை விற்றுக் கொடுக்கும் பெயரைப் பதிவதை மட்டும் அடுத்த சீசனுக்கு என்று தள்ளிப்போடுவது எனக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது.

பதிவு செய்த பெயரும் தேசத்தின் எல்லையோடு நின்றுவிடும். 1942-இல் தோன்றிய சிவகாசியின் ஸ்டாண்டர்டு பட்டாசு நிறுவனத்துக்கு வெகு காலம் முன்பே, 1891-இல், இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் அதே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் வேறொரு பட்டாசு நிறுவனம் தோன்றியிருந்தது. கடல் கடந்து சரக்கனுப்ப நினைப்பவர் தம் பெயர் அங்கே ஏற்கெனவே யாருக்கு உரியது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013-இல் மாட்ரிட் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருப்பதால், அதில் அங்கம் வகிக்கும் பல நாடுகளுக்கும் இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பதிவு கேட்கலாம்.