வீரர்கள் மாறினார்கள், ரசிகர்கள் மாறவில்லை!

2024-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த லெக்ஸிங்டன் நகரம். ஊர் நடுவிலுள்ள ரப் அரீனா என்ற பெரிய உள்ளரங்கை நோக்கி ஜனங்கள் நீலச் சட்டை அணிந்து குடும்பம் குடும்பமாகச் சென்றுகொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் நிரம்பிவிட்டது. இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்களும் உண்டு.

உள்ளே என்ன விசேஷம்? போட்டி இல்லை, பாட்டுக் கச்சேரியும் இல்லை. கென்டக்கி பல்கலைக் கழகக் கூடைப் பந்து அணிக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட பயிற்சியாளர் மார்க் போப், நிருபர்களைச் சந்தித்து நாலு வார்த்தை பேசப் போகிறார். அவ்வளவுதான்!

வேடிக்கை என்னவென்றால், அப்போது அணியே கலைந்துகொண்டிருந்தது. அடுத்த சீசன் தொடங்கியபோது, முந்தின ஆண்டு உதவித் தொகை பெற்று ஆடிய மாணவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை. அத்தனை பேரும் புதியவர்கள். அப்படியானால் அந்த இருபதாயிரம் பேர் யாருக்காக வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஒரு மாநிலத்தின் கதையே வெளிப்படுகிறது.

நமக்கும் தெரிந்த ஆட்டம்

கூடைப் பந்து நமக்குப் புதிதல்ல. 1891-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உண்டாக்கிய ஆட்டம் இது. குளிர்காலத்தில் மாணவர்கள் வெளியே ஆட முடியவில்லை. பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளைச் சுவரில் உயரமாக மாட்டி, பந்தை அதில் போடச் சொன்னார். அதே ஒய்.எம்.சி.ஏ.தான் இந்த ஆட்டத்தை இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் ஓர் அமெரிக்கர்தான்.

ஆனால் நம் ஊரில் கல்லூரி ஆட்டம் என்றால், ஆடுகிறவர்களின் சிநேகிதர்கள் கொஞ்சம் பேர் நின்று கை தட்டுவார்கள். அமெரிக்காவிலோ அது திருவிழா. வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக் கழகத்தின் அரங்கம் சிறியது. 9,314 பேர்தான் அமரலாம். பக்கத்து ஊரான வட கரோலினா பல்கலைக் கழகத்துடன் நடக்கும் ஆட்டத்துக்கு இடம் பிடிக்க, மாணவர்கள் வாரக் கணக்கில் கூடாரம் அடித்துக் காத்திருக்கிறார்கள். 1986-ல் ஏற்பட்ட வழக்கம் இது. கூடாரத்தில் ஆள் இருக்கிறதா என்று திடீர் திடீரென்று சோதனை நடக்கும். இல்லாவிட்டால் வரிசை போய்விடும். குளிரில் முறை வைத்துக் காவல் இருந்து, கூடாரத்துக்குள்ளேயே பாடமும் படிக்கிறார்கள்!

டியூக்கில் இந்தப் பைத்தியம் மாணவர்களுக்கு. கென்டக்கியில் அது மாநிலம் முழுவதற்கும்.

ரேடியோ கட்டிய பந்தம்

கென்டக்கி பணக்கார மாநிலம் அல்ல. கிழக்கே மலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும். மேற்கே வயல்கள். சம்பளத்துக்கு ஆடும் தேசியக் கூடைப் பந்து லீகின் அணி அங்கே கிடையாது. எனவே பல்கலைக் கழக அணியே ஊரின் அணி. அடால்ஃப் ரப் என்ற பயிற்சியாளர் 1930 முதல் 1972 வரை அந்த அணியை நடத்தி, 876 வெற்றிகளும் நான்கு தேசியப் பட்டங்களும் தேடித் தந்தார். 1976-ல் திறந்த அரங்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள். திறந்த நாளில் அதில் சுமார் 23,000 இருக்கைகள். பின்னாளில் வசதியான நாற்காலிகள் போட்டதால் எண்ணிக்கை குறைந்தது. நாட்டில் அதிகக் கூட்டம் சேரும் கல்லூரி எது என்ற கணக்கில் பல ஆண்டுகள் முதலிடம் கென்டக்கிக்கே.

ஆனால் இந்த விசுவாசம் பிறந்தது அரங்கத்தில் அல்ல; ரேடியோவில்.

1940-களிலிருந்து சுரங்க வேலை குறையக் குறைய, மலைநாட்டு ஜனங்கள் லட்சக் கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே போனார்கள். ஒகாயோவிலும் மிச்சிகனிலும் இருந்த ஆலைகளில் வேலை. போன இடத்தில் அவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். 'மலைக்காட்டான்' என்று கேலி செய்தார்கள். பிழைப்புக்காக வேற்றூர் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

லூயிவில் நகரத்து டபிள்யூ.எச்.ஏ.எஸ். ரேடியோ நிலையத்தின் சக்தி 50,000 வாட். இரவில் அதன் ஒலி பல மாநிலங்கள் தாண்டிப் போகும். அதில் கென்டக்கி ஆட்டங்களை வர்ணித்தவர் காவுட் லெட்ஃபோர்ட். சுரங்க ஊரான ஹார்லனில் பிறந்தவர்; 1953 முதல் 1992 வரை அந்த அணியின் குரலாக இருந்தவர். ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளிக்கு அந்தக் குரல் ஊரிலிருந்து வந்த கடிதம் மாதிரி. பந்து யார் கையில் இருக்கிறது என்பதோடு, ஊர் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதையும் அது சொல்லிற்று.

ஓடிப் போகாத நால்வர்

விசுவாசத்துக்குச் சோதனை 1989-ல் வந்தது. மாணவ வீரர்களைச் சேர்ப்பதில் முறைகேடு நடந்ததாகக் கண்டு, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கென்டக்கி அணியைத் தண்டித்தது. இரண்டு ஆண்டுகள் தேசியப் பட்டப் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. ஓர் ஆண்டு ஆட்டங்கள் டெலிவிஷனில் நேரடியாக வரக் கூடாது. கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள்.

போகாமல் நின்றவர்களில் நால்வர் ரிச்சி ஃபார்மர், டெரன் ஃபெல்ட்ஹாஸ், ஜான் பெல்ஃப்ரி, ஷான் உட்ஸ். முதல் மூவரும் கென்டக்கியின் சிற்றூர்களில் பிறந்தவர்கள். உட்ஸ் பக்கத்து மாநிலமான இண்டியானாவிலிருந்து வந்தவர். பெரிய நட்சத்திரங்கள் என்று யாரும் அவர்களைச் சொன்னதில்லை.

பட்டத்துக்கு வழியே இல்லாத அந்த அணியை ரசிகர்கள் கைவிடவில்லை. 1990 பிப்ரவரியில், ஷகீல் ஓநீல் என்ற ராட்சத ஆட்டக்காரர் இடம் பெற்ற லூயிசியானா அணியை 100-95 என்று இந்தக் குட்டை அணி தோற்கடித்தபோது ரப் அரீனா அதிர்ந்தது. 1991-ல் தங்கள் பிரிவில் மற்ற எல்லோரையும்விட அதிக ஆட்டங்களில் ஜெயித்தார்கள். ஆனாலும் தண்டனை இருந்ததால் பட்டம் கிடைக்கவில்லை.

1992-ல் தடை நீங்கியது. மார்ச் 28-ந் தேதி பிலடெல்பியாவில் டியூக்குடன் ஆட்டம். முழு நேரம் முடிந்தும் சமநிலை. ஐந்து நிமிடம் கூடுதல் ஆட்டம். கடைசி 2.1 விநாடி இருக்கும்போது உட்ஸ் போட்ட பந்தால் கென்டக்கி 103-102 என்று முன்னணியில் நின்றது. டியூக்கின் கிராண்ட் ஹில் களத்தின் ஒரு கோடியிலிருந்து பந்தை மறு கோடிக்கு வீசினார். கிறிஸ்டியன் லேட்னர் பிடித்தார், திரும்பினார், எறிந்தார். மணி அடித்தது, பந்து கூடைக்குள். 104-103!

கென்டக்கிக்காக லெட்ஃபோர்ட் வர்ணித்த கடைசி ஆட்டமும் அதுதான். ஜெயித்த டியூக் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி அவரிடம் வந்து, ரேடியோவிலேயே கென்டக்கி வீரர்களைப் பாராட்டிப் பேசினார்.

சில நாட்களுக்குள் அந்த நால்வரின் சட்டைகளையும் ரப் அரீனாவின் கூரையில் ஏற்றித் தொங்கவிட்டார்கள். தேசியப் பட்டம் வாங்கித் தராதவர்களுக்கு இந்த மரியாதை! ஜெயித்ததற்காக அல்ல, போகாமல் இருந்ததற்காக.

கறையும் உண்டு

இந்த ஊர்ப் பாசத்தை முழுக்க முழுக்கப் புகழ்ந்துவிட முடியாது. நெடுங்காலம் அந்தச் சட்டையை அணியக் கறுப்பு மாணவர்களுக்கு இடம் இருக்கவில்லை. 1966 இறுதி ஆட்டத்தில் வெள்ளையர் மட்டுமே இருந்த கென்டக்கியை, ஐந்து கறுப்பு வீரர்களைக் களமிறக்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் கல்லூரி 72-65 என்று வென்றது. 1969-ல்தான் ரப் முதல் கறுப்பு மாணவரைச் சேர்த்தார். 1997-ல் டப்பி ஸ்மித் என்ற கறுப்பர் அதே அணிக்குப் பயிற்சியாளராகி, மறு ஆண்டே பட்டமும் வாங்கித் தந்தார். 'நம்ம ஊர்' என்று சொல்லும்போது அதில் யார் யார் அடக்கம் என்பதை அந்த ஊரும் மெள்ள மெள்ளத்தான் கற்றுக்கொண்டது.

ஓராண்டு விருந்தாளிகள்

நால்வர் நான்கு ஆண்டு நின்ற காலம் மலையேறிவிட்டது. 2006 முதல், 19 வயது ஆனால்தான் தேசிய லீகில் சேரலாம் என்று விதி வந்தது. மகா கெட்டிக்காரர்கள் ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு லீகுக்குப் பறந்தார்கள். 2012-ல் கென்டக்கி எட்டாவது முறையாகப் பட்டம் வென்றது. அந்த அணியில் ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரும் உடனே லீகுக்குப் போனார்கள்.

2021-ல், ஒரு வருஷம் சும்மா உட்காராமலே வேறு கல்லூரிக்கு ஒரு முறை மாறலாம் என்றார்கள்; 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. விளம்பரத்தில் பணம் வாங்கவும் 2021-ல் அனுமதி வந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். மாணவ வீரனுக்குப் பணம் போவது 1989-ல் பெருங்குற்றம். இன்று அது ஒப்பந்தம்.

வீரர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் ஆட்டத்தை வைத்துக் கல்லூரிகளும் டெலிவிஷன் கம்பெனிகளும் கோடி கோடியாகச் சம்பாதித்தன. ஆடியவனுக்குப் படிப்புச் செலவு மட்டும்தான். உழைத்தவன் கூலி கேட்பது நியாயம்தானே? ஆனால் ரசிகன் மனசு நியாயத்தோடு மட்டும் நிற்பதில்லை. ரீட் ஷெப்பர்டு உள்ளூர்ப் பிள்ளை. அப்பா, அம்மா இருவருமே கென்டக்கிக்காக ஆடியவர்கள். ஓராண்டு ஆடி 2024-ல் லீகுக்குப் போய்விட்டார். டிராவிஸ் பெர்ரி மாநிலத்தின் பள்ளி ஆட்டங்களில் எல்லோரையும்விட அதிகப் புள்ளிகள் எடுத்த பையன். அவரும் ஓராண்டு ஆடிவிட்டு 2025-ல் மிசிசிப்பிக்கு மாறினார்.

பயிற்சியாளர்களும் அப்படித்தான். 15 ஆண்டுகள் இருந்து, 2012 பட்டத்தை வாங்கித் தந்த ஜான் கலிபாரி, 2024 மார்ச்சில் ஓக்லண்ட் என்ற சிறிய கல்லூரியிடம் தோற்றபின் ஆர்கன்சாவுக்குப் போனார். 2025 பிப்ரவரி 1-ந் தேதி அந்த அணியோடு ரப் அரீனாவுக்கு வந்தபோது பலத்த கூச்சல் அவரை வரவேற்றது. ஆனால் 89-79 என்று ஜெயித்தது அவர்தான்!

அவருக்குப் பதில் வந்தவரே ஆரம்பத்தில் சொன்ன மார்க் போப். 1996-ல் பட்டம் வென்ற கென்டக்கி அணியின் காப்டன்களில் ஒருவர். ரசிகர்கள் பெரிய பெயர்களை எதிர்பார்த்தார்கள். இவர் பெயர் கேட்டு முதலில் முணுமுணுத்தவர்கள் பலர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்தது. காரணம் இதுதான்: எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில், திரும்பி வந்தவர் அவர் ஒருவர்.

யாருடைய நாற்காலி?

ஊரில் தங்குகிறவரை ஜனங்கள் எப்படிக் கொண்டாடுவார்கள் என்பதற்கு அயோவா மாநிலம் சாட்சி. அந்த மாநிலத்திலேயே பிறந்த கெய்ட்லின் கிளார்க் என்ற பெண், 2020 முதல் 2024 வரை நான்கு ஆண்டுகளும் அயோவா பல்கலைக் கழகத்துக்கே ஆடினார். 2023 அக்டோபர் 15-ல் கால்பந்து மைதானத்தில் திறந்த வெளியில் நடந்த நட்பு ஆட்டத்துக்கு 55,646 பேர் வந்தார்கள். பெண்கள் கூடைப் பந்தில் அதற்கு முன் அவ்வளவு கூட்டம் கூடியதே இல்லை.

கென்டக்கியில் இன்று கவலை வீரர்களைப் பற்றி மட்டுமல்ல. சீசன் டிக்கெட் என்றால் நம் வாசகர்களுக்கு மின்சார ரயில் ஞாபகம் வரும்; அங்கே ஆட்டங்களுக்குச் சீசன் டிக்கெட். அதன் விலையைக் கொடுத்தால் மட்டும் நல்ல இடம் கிடைக்காது. விளையாட்டு நிதிக்கு வருஷா வருஷம் நன்கொடையும் தர வேண்டும். வீரர்களுக்குத் தரப் பணம் தேவைப்படத் தேவைப்பட, அந்தச் சுமை கடைசியில் ரசிகன் தலையில்தான் இறங்கும். ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பாசத்தை வளர்த்தவர் சுரங்கத் தொழிலாளி. அவருடைய பேரனுக்குக் கூரையோரத்து நாற்காலியாவது கட்டுபடியாகுமா?

2020-21 சீசனில் கொரோனா காரணமாக ரப் அரீனாவில் பெரும்பாலான நாற்காலிகள் காலி. அந்த ஆண்டு கென்டக்கி ஒன்பது ஆட்டங்களில்தான் ஜெயித்தது, பதினாறில் தோற்றது. பல பத்தாண்டுகளில் அவ்வளவு மோசமான சீசன் இல்லை. கூட்டம் இல்லாத அரங்கம் எப்படியிருக்கும் என்பதை நிர்வாகிகள் அன்று கண்ணால் பார்த்தார்கள்.

வீரர் போனால் வேறு வீரரை விலைக்கு வாங்கலாம். கூட்டம் போனால் எந்தக் கடையில் வாங்குவது? கூரையில் தொங்கும் அந்த நான்கு சட்டைகளும் இன்றும் கீழே இருப்பவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இதுதான்.