கார்டு கடன் ஒரு லட்சம், கையில் பூஜ்யம்: முதலில் எதைப் பார்ப்பது?



வேலைக்குச் சேர்ந்து மூணு, நாலு வருஷம் ஆனவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "கார்டுல ஒரு லட்சம் நிக்குது. சேமிப்புன்னு ஒண்ணும் இல்ல. மாசம் மிஞ்சுற காசை முழுசா கார்டுல கட்டவா, இல்ல கொஞ்சம் தனியா சேர்க்கவா?"

வட்டியை மட்டும் பார்த்தா பதில் சுலபம். கார்டு வட்டி பெரும்பாலும் வருஷத்துக்கு 42 சதவீதம் அல்லது அதுக்கும் மேல. சேமிப்புக் கணக்கில் கிடைப்பது பல வங்கிகளில் 3 சதவீதம் கூட இல்லை. அப்போ எல்லாத்தையும் கார்டுல கட்டுன்னுதானே சொல்லணும்?

ஆனா அப்படிக் கட்டுற பலர், ஆறு மாசம் கழிச்சு பார்த்தா, கிட்டத்தட்ட அதே ஒரு லட்சத்துலதான் நிக்கிறாங்க. அவங்க ஊதாரி இல்லை. கையில் பத்து ரூபாய் கூட வெச்சுக்காம கடனை அடைக்கப் போனதுதான் காரணம். எப்படின்னு எண்களோட பார்ப்போம்.

கார்டு வட்டி, நம்ம ஊர் கணக்கில்

நம்ம ஊர்ல "மூணு வட்டி"ன்னு சொன்னா, நூறு ரூபாய்க்கு மாசம் மூணு ரூபாய். அந்தக் கணக்குப்படி கார்டு கம்பெனிகள் வாங்குறது பெரும்பாலும் மூன்றரை வட்டி அல்லது அதுக்கும் மேல. கணக்குக்கு மூன்றரைன்னே வைப்போம். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. சேர்த்தா மாசம் 4.13 சதவீதம். அதாவது, நாலு வட்டிக்கும் மேல! தெருவுல ஒருத்தர் நாலு வட்டிக்குக் கடன் தர்றேன்னா யோசிப்போம். அழகான ஆப்ல வந்தா யோசிக்கிறதில்லை.

சட்டம் இதுக்கு உச்சவரம்பு வெச்சிருக்கான்னு கேட்பீங்க. 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாதுன்னு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. அந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால வட்டியைக் குறைக்கிற வேலையை நாமதான் பார்க்கணும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. போன மாச பில்லை முழுசா கட்டலைன்னா, இந்த மாசம் புதுசா ஸ்வைப் பண்றதுக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. 500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டாலும் அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சுடும்.

மினிமம் டியூ: கட்டுறோம், ஆனா குறையாது

ஒரு லட்சம் பாக்கி. மினிமம் டியூ 5 சதவீதம்னு வைப்போம். முதல் மாசம் 5,000 கட்டுறீங்க. அதில் 4,130 வட்டிக்கும் ஜிஎஸ்டிக்கும் போயிடும். கடன் குறைந்தது வெறும் 870.

இப்படியே ஒரு வருஷம் மினிமம் மட்டும் கட்டினா, மொத்தம் சுமார் 57,200 ரூபாய் கட்டியிருப்பீங்க. பாக்கி எவ்வளவு? சுமார் 90,000. 57 ஆயிரம் கொடுத்து 10 ஆயிரம் கடனைக் குறைச்சிருக்கோம்.

மினிமம் கட்டினா லேட் ஃபீ வராது, சிபில் ரிப்போர்ட்டும் தப்பிக்கும். அதுக்கு மட்டும்தான் அது உதவும். அதைக் கடன் அடைக்கிற திட்டமா நினைக்காதீங்க.

ஒரு உதாரணம் எடுத்துப்போம்

சென்னையில் ஐடி கம்பெனியில் வேலை, வயசு 27. கையில் வரும் சம்பளம் 38,000. பங்கு போட்ட வாடகை 9,000, சாப்பாடு, போக்குவரத்து 9,000, ஊருக்கு அம்மாவுக்கு அனுப்புறது 8,000, மற்ற செலவு 4,000. மிஞ்சுவது 8,000. கார்டில் ஒரு லட்சம் பாக்கி, சேமிப்பு பூஜ்யம். கார்டை இனிமேல் தொடுறதில்லைன்னு முடிவு பண்ணிட்டார். இவருக்கு ரெண்டு வழி இருக்கு.

வழி 1: எட்டாயிரமும் கார்டுக்கே

ஒரு தடங்கலும் வரலைன்னா 18 மாசத்தில் கடன் முடிஞ்சிடும். வட்டி, ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 43,500 போகும். 18 மாசமும் ஒரு செலவும் வராம இருந்தா மட்டும்தான் இந்தக் கணக்கு நடக்கும்.

அஞ்சாவது மாசம் ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் வருது. ஆஸ்பத்திரி செலவு 12,000. அதுவரைக்கும் 40,000 கட்டி, பாக்கியை 79,000-க்குக் கொண்டு வந்திருக்கார். கையில் காசு இல்லை. இருக்கிறது அதே கார்டுதான். ஸ்வைப் பண்ணார். பாக்கி 91,000.

அஞ்சு மாசம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி 40,000 கட்டியும், கடன் குறைந்தது 9,000. "இது நமக்கு அடையவே அடையாது"ன்னு மனசு விட்டுப்போறது இந்த இடத்துலதான். அதுக்கப்புறம் மினிமம் டியூ, ஆன்லைன் சேல், பழைய கதைதான்.

வழி 2: வட்டியைக் குறை, மெதுவா அடை, பக்கத்திலேயே சேர்

வங்கிக்கு போன் பண்ணி, மொத்த பாக்கியையும் இஎம்ஐயா மாத்த முடியுமான்னு கேட்கிறார். வட்டி வங்கிக்கு வங்கி, ஆளுக்கு ஆள் மாறும். கணக்குக்கு 16 சதவீதம், 24 மாசம்னு வைப்போம்.

இஎம்ஐ சுமார் 4,900 ரூபாய். வட்டிக்கான ஜிஎஸ்டி முதல் மாசம் 240, போகப் போகக் குறையும். எட்டாயிரத்தில் மீதி கிட்டத்தட்ட 2,900. அதைத் தனி சேமிப்புக் கணக்கில் போடுகிறார்.

இப்போ அதே அஞ்சாவது மாசம், அதே 12,000 செலவு. புராசஸிங் ஃபீஸ் ஆயிரத்துச் சொச்சம் போனாலும், சேர்ந்திருப்பது 13,000-க்கு மேல. அதிலிருந்து கட்டிட்டு வீட்டுக்கு வர்றார். கார்டு வெளியே வரவே இல்லை. கடன் பாக்கி சுமார் 81,700, அதுவும் 16 சதவீத வட்டியில். அவர் போட்ட திட்டம் ஒரு நாள் கூடத் தள்ளிப்போகலை.

எந்தத் தடங்கலும் வரலைன்னா? 24 மாச முடிவில் ரெண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

- வழி 1: 18 மாசத்தில் கடன் முடியும். அடுத்த ஆறு மாசம் எட்டாயிரம் எட்டாயிரமா சேர்த்தா கையில் சுமார் 48,000.
- வழி 2: 24-வது மாசம் கடன் முடியும். கையில் சுமார் 70,000. வட்டி, ஜிஎஸ்டி மொத்தம் 20,700-க்குள்.

ரெண்டுலயும் மாசம் கட்டுறது அதே எட்டாயிரம்தான். வழி 2-ல் கடன் ஆறு மாசம் தாமதமா முடியுது, ஆனா கையில் அதிகம் நிக்குது. நாலு வட்டி கடனை ஒண்ணேகால், ஒன்றரை வட்டி கடனா மாத்தினதால கிடைச்ச லாபம் இது. அதனாலதான் சொல்றேன்: மெதுவா அடைக்கிறது தப்பில்லை, நாலு வட்டியிலயே வெச்சுக்கிட்டு மெதுவா அடைக்கிறதுதான் தப்பு.

"18 மாச இஎம்ஐ போட்டா வட்டி இன்னும் குறையுமே?" ஆமா, சுமார் 5,000 ரூபாய் குறையும். ஆனா மாசம் சேர்க்கிறது 2,900-லிருந்து 1,500-க்கு இறங்கிடும். புராசஸிங் ஃபீஸ் போக அஞ்சாவது மாசம் கையில் 6,000 சொச்சம்தான் இருக்கும், பாதிக்கு மறுபடி கார்டு. சேமிப்பு பூஜ்யமா இருக்கிறவங்களுக்கு அந்த 5,000-ஐ இன்ஷூரன்ஸ் பிரீமியமா நினைச்சுக்கோங்கன்னுதான் சொல்வேன்.

இஎம்ஐயா மாத்தும்போது கவனிக்க வேண்டியவை

1. புராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, முன்கூட்டியே முடிச்சா என்ன கட்டணம்னு கேட்டு, மெயிலில் வாங்கி வெச்சுக்கோங்க.
2. மொத்த பாக்கியும் மாறுதா, சில பரிவர்த்தனைகள் மட்டுமான்னு பாருங்க. மாறாத பகுதிக்குப் பழைய வட்டி அப்படியே ஓடும்.
3. இஎம்ஐ கட்டக் கட்ட லிமிட் மறுபடி திறக்கும். அது உங்க காசு இல்லை. உணவு ஆப், ஷாப்பிங் ஆப், யுபிஐ எல்லாத்திலிருந்தும் அந்தக் கார்டை எடுத்துடுங்க. ஆட்டோபேயில் ஓடும் சந்தாக்களை டெபிட் கார்டுக்கு மாத்துங்க.
4. மாச ஸ்டேட்மென்ட் தொகையை முழுசா கட்டணும். கொஞ்சம் பாக்கி வெச்சாலும் அதுக்குப் பழைய மூன்றரை வட்டிதான்.
5. பில் தேதி சம்பள நாளுக்கு ஒத்து வரலையா? பில்லிங் சுழற்சியை மாத்திக்கும் வசதியை குறைந்தது ஒரு தடவையாவது தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. கேட்டு மாத்திக்கோங்க.

வங்கி மாட்டேன்னு சொன்னா?

பர்சனல் லோன், ஆபீஸில் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்தா அங்கே கடன், இல்லன்னா வங்கியில் நகைக் கடன். எல்லாமே பொதுவா கார்டை விடக் குறைந்த வட்டிதான். நகைக் கடன்னா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க. தவறினா அம்மா நகை ஏலத்துக்குப் போகும். கட்டாயம் மீட்க முடியும்னா மட்டும் தொடுங்க.

எதுவுமே கிடைக்கலை, நாலு வட்டியிலயேதான் அடைக்கணும்னா திட்டம் கொஞ்சம் மாறும். முதல் மூணு, நாலு மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டி, மீதியைச் சேர்த்து 10,000 கையில் வெச்சுக்கோங்க. அதோட நிறுத்திட்டு, அதுக்கப்புறம் எட்டாயிரமும் கார்டுக்கே. இந்த 10,000-ஐ கார்டில் கட்டாம வெச்சிருக்கிறதால மாசம் சுமார் 413 ரூபாய் வட்டி கூடுதலா போகும். அது செலவுதான், மறைக்க விரும்பலை. ஆனா நாலு வட்டியில் 50,000, 60,000-ன்னு சேர்த்து வைக்காதீங்க. அந்த அளவுக்கு அந்தக் காப்பீடு மதிப்பில்லை.

"செட்டில்மென்ட் பண்ணிடலாம், பாதி கட்டினா போதும்"னு சொல்ற போன்களுக்கு அவசரப்பட்டு தலையாட்டாதீங்க. கடன் முடிஞ்சாலும் சிபில் ரிப்போர்ட்டில் "செட்டில்டு"ன்னு பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போய் நிக்கும்போது அது முன்னாடி வந்து நிக்கும்.

அவசரப் பணம் எங்கே இருக்கணும்?

சம்பளம் வர்ற கணக்கில் இருந்தா கரைஞ்சிடும். வேற வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு, யுபிஐயோட இணைக்காம. 25,000 தாண்டினதும் ஒரு பகுதியைச் சின்னச் சின்ன எஃப்டியா பிரிச்சுப் போடுங்க. தேவைப்பட்டா ஒண்ணை மட்டும் உடைக்கலாம்.

ஷேர், ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் வேண்டாம். நமக்குப் பணம் தேவைப்படுற நாள் மார்க்கெட் விழுந்த நாளா இருக்கலாம். சீட்டும் இதுக்குச் சரிவராது. நமக்கு அவசரம் வர்ற மாசம் சீட்டை எடுக்க முடியும்னு நிச்சயம் இல்லை, தள்ளி எடுத்தா கழிவும் போகும்.

எது அவசரம்? ஆஸ்பத்திரி, வேலை போவது, ஊருக்கு உடனே கிளம்ப வேண்டிய நிலை, வேலைக்குப் போற வண்டி ரிப்பேர். தீபாவளி அவசரம் இல்லை. அது வருஷா வருஷம் வரும், தேதியும் காலண்டர்ல இருக்கு. நண்பன் கல்யாணத்துக்கு வைக்கிற மொய்யும் அப்படித்தான். அதுக்கெல்லாம் மாசம் 500, 1,000-ன்னு தனியா ஒதுக்குங்க.

இந்த வாரம் செய்ய வேண்டிய மூணு வேலை

ஒண்ணு, கடைசி ஸ்டேட்மென்ட்டை எடுத்து, வட்டி எவ்வளவு, அதுக்கு ஜிஎஸ்டி எவ்வளவுன்னு ரெண்டு எண்ணை மட்டும் எழுதுங்க. மினிமம் மட்டும் கட்டிக்கிட்டே போனா எத்தனை காலம் இழுக்கும்ங்கிற எச்சரிக்கையும் அதுலயே இருக்கும்.

ரெண்டு, வங்கிக்கு போன் பண்ணி இஎம்ஐ வட்டி விகிதம் கேளுங்க. முதல்ல சொல்ற வட்டிக்கு உடனே சரின்னு சொல்லாம, குறைக்க முடியுமான்னு ஒரு தடவை கேளுங்க. 

மூணு, சம்பளம் வந்த மறுநாள் தனிக் கணக்குக்கு 1,500 ரூபாயாவது தானா போற மாதிரி செட் பண்ணுங்க.

மூணும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. அடுத்த தடவை ஊர்ல இருந்து போன் வரும்போது, பர்ஸில் எந்தக் கார்டை எடுக்கலாம்னு தேட வேண்டியிருக்காது.