கையொப்பத்தோடு முடிந்துபோகும் முன்னேற்ற அறிக்கை

செப்டம்பர் மாதக் கடைசியில் முதற்பருவப் பரீட்சை முடிந்து, விடுமுறையும் கழிந்து, பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிற நாட்களில், தமிழ்நாட்டுக் கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள், ஊரார் இன்றைக்கும் ராங்க் கார்டு என்றே சொல்லுகிற ஓர் அட்டையைப் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளை ஒரு பருவம் முழுதும் கற்றதும் கல்லாததும் அதில் சில எழுத்துகளாகவும் எண்களாகவும் அடங்கியிருக்க, அடியில் பெற்றோர் கையொப்பத்துக்கென்று ஒரு கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. மறுநாள் அந்தக் கட்டம் நிரம்பி அட்டை திரும்பி வந்துவிட்டால், பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே நடந்திருக்க வேண்டிய சம்பாஷணை நடந்து முடிந்ததாகவே இரு தரப்பாரும் எண்ணிக்கொள்ளுகிறார்கள். அவ்வெண்ணத்தால் நம் குழந்தைகளுக்கு நேரும் நஷ்டம் பெரிது என்பது என் திடமான அபிப்பிராயம்.

மதிப்பிடும் முறையில் நாம் சிரத்தையற்று இருந்தோம் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ந்ததும் முழுமையானதுமான மதிப்பீடு வேண்டுமென்று விதித்ததை அனுசரித்து, 2012-13 கல்வியாண்டில் இங்கே முப்பருவ முறை வந்தது. வகுப்பறைச் செயல்களுக்கும் சிறு தேர்வுகளுக்குமாகச் சேர்த்து வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பங்கிடப்பட்டு, கூட்டுத்தொகை ஏ1 முதல் இ2 வரை ஒன்பது தரநிலைகளில் ஒன்றாக மாற்றி எழுதப்பட்டது. ஒரே நாளின் மூன்று மணி நேரத்தைக் கொண்டு ஒரு குழந்தையை எடைபோடுவது அநியாயம் என்ற நல்லெண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. ஆனால் 51 முதல் 60 வரை பெற்ற பிள்ளைக்கு சி1 என்று எழுதுகிறபோது, அந்த சி1-க்கு என்ன தாத்பரியம் என்பதைத் தன் தாய்க்கு விளக்கும் பொறுப்பு எட்டு வயதுப் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது.

இதற்கு முன்பே நம் பள்ளிகளில் வேறொரு முறை இருந்தது. அதை நினைக்கையில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டாகிறது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலைத்தான் சொல்லுகிறேன். பிள்ளைகள் பாயில் குழுக் குழுவாக உட்கார்ந்து, படமும் எண்ணும் பொறித்த அட்டைகளைத் தட்டிலிருந்து தாமே தேடி எடுத்து, முடித்த பின் அடுத்த படிக்குப் போவார்கள். சுவரின் கீழ்ப்பாகத்தில், உட்கார்ந்தபடியே எழுதத்தக்க உயரத்தில், ஒவ்வொருவருக்கும் கரும்பலகையில் ஓரிடம் உண்டு. அந்த அறையில் தொங்கிய ஏணிப்படி என்னும் விளக்கப்படத்தில், பாடம் முழுதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னப் படம் அடையாளமாக இருந்தது. எழுத்தறியாத ஒரு தாய்கூட அதன் முன் வந்து நின்று, 'என் மகள் எந்தப் படியில் இருக்கிறாள்?' என்று கேட்டால், அந்தச் சிறுமியே விரலை வைத்துக் காட்டக்கூடிய பிரத்தியட்சமான அறிக்கை அது. பெற்றோர் அந்தச் சுவர்முன் நிற்பதற்கென்று ஒரு தினம் குறித்து, அதை வழக்கமாக்கியிருந்தால், அந்த ஏணிப்படி பள்ளிக்கும் ஊருக்கும் பொதுவான சொத்தாகியிருக்கும்.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளையும், அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளையும் தழுவிக்கொண்டது. முதலில் ஓர் அடிப்படை மதிப்பீடு செய்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகக் கண்டு, அவரவர் நிலைக்கேற்ற பயிற்சியைக் கொடுப்பது அதன் சாரம். நோக்கம் உத்தமமானது. மதிப்பீட்டு விடைகளோ ஆசிரியரின் கைப்பேசிச் செயலி வழியே ஏறுகின்றன. ஒரு கையில் கைப்பேசியும் மறுகையில் பயிற்சி நூலுமாக நின்று, ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, சமிக்ஞை கிடைக்காதபோது வராந்தாவுக்கும் வேப்பமரத்தடிக்கும் நடந்து பதிவை முடிக்கிற ஆசிரியைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் பதிந்த விவரம் அன்றைக்கே மேலிடத்துக்கு எட்டிவிடுகிறது. பள்ளிக்கு நான்கு தெரு தள்ளி இருக்கிற தாய்க்கு மட்டும், தன் மகன் அரும்பா மொட்டா என்பது அந்த வருஷம் முடியும் வரையிலும் தெரிவதில்லை. என் கவலை முழுதும் இங்கேதான் குவிகிறது.

வட மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் கண்டதைச் சொல்லுகிறேன். நூறு நாள் வேலை முடிந்து தலையில் துண்டோடு வந்த ஒரு பெண், மூன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் அட்டையை நீட்டி, "கையெழுத்துப் போட்டுட்டேன் டீச்சர். எம் புள்ள படிக்கிறானா?" என்று கேட்டாள். எல்லா விவரமும் எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி அது. ஆசிரியை அட்டையைப் பார்க்கவில்லை. பையனைக் கூப்பிட்டுப் பாடநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு வரியைச் சுலபமாக வாசித்தவன், 'பட்டாம்பூச்சி' என்ற சொல்லில் நின்று, 'பட' என்று தொடங்கி, மறுபடி முதலிலிருந்து கூட்டிப் படித்துக் கரையேறினான். "பாத்தீங்களாம்மா, புள்ளி வெச்ச எழுத்து வந்தாத்தான் தடுமாறுறான். மத்ததெல்லாம் வந்துடுச்சு. ரேஷன் கடைக்குப் போனா அங்க எழுதியிருக்கறத தெனம் ரெண்டு வரி படிக்கச் சொல்லுங்க, சரியாயிடும்" என்றார் ஆசிரியை. தாயின் முகம் தெளிந்தது; எது வந்தது, எது வரவில்லை, தன்னால் ஆவது என்ன என்ற மூன்றையும் அவள் ஐந்து நிமிஷத்தில் அறிந்துகொண்டாள்.

பரீட்சை வைத்துத் தேறாதவர்களை நிறுத்தினால்தான் பெற்றோர் விழிப்பார்கள் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. 2019-இல் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு இங்கே பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தோற்கடித்துத் தாய்க்குச் செய்தி சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு விளங்கவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரைக் காலந்தோறும் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமைகளில் ஒன்றென்று விதிக்கிறது. அட்டையில் எழுதி அனுப்பிவிட்டால் போதும் என்று அதில் இல்லை. 21-ஆம் பிரிவின்படி அமைகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஆயினும் அக்குழுக்களில் சுற்றுச்சுவரும் கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் பேசப்படுகிற அளவுக்கு, மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறார்கள் என்பது பேசப்படுவதில்லை. கூட்டமும் பெரும்பாலும் வேலை நாளின் பிற்பகலில் நடக்கிறது. நூறு நாள் வேலையிடத்தில் தினம் இருமுறை படம் எடுத்து வருகை பதிவாகிற காலத்தில், நடுவில் எழுந்து வருகிற தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். வராதவளை அக்கறையற்றவள் என்று சொல்வது எத்தனை அநீதி!

ஆகையால் நான் கேட்பவை இரண்டே. பருவத்துக்கு ஒரு தினம், கூலி கெடாத மாலை ஆறு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையிலோ, பள்ளியைத் திறந்து வைத்து, அதற்கு ஈடாக ஆசிரியருக்கு வேறொரு நாள் ஓய்வு கொடுத்து, ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அவர்கள் முன்னிலையில் பிள்ளையை ஒரு பக்கம் வாசிக்கவும், கடன் வாங்கிக் கழிக்கிற ஒரு கணக்கைப் போடவும் செய்ய வேண்டும். அட்டையிலும் தரநிலைக்குப் பக்கத்தில் ஒரு வரி இடம் விட்டு, 'சிறு வாக்கியங்களை வாசிக்கிறான். மெய்யெழுத்துகளில் பயிற்சி வேண்டும்' என்பதுபோல ஆசிரியர் தம் கையால் எழுத வேண்டும். அந்த வரியைப் பிள்ளை தன் தாய்க்கு உரக்க வாசித்துக் காட்டிய பிறகே, அவள் கையொப்பமோ கைரேகையோ இடட்டும்.