நுண்பொருள் ஆராய்ச்சிக்கும் தணிக்கை உண்டு

‘நானோ’ என்னும் சொல்லை இக்காலத்தில் துணி உறைகளிலும் உரப் புட்டிகளிலும் அங்கத்தினர்கள் காண்கிறார்கள். அதன் பொருள் யாது? ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டராகும். ஒரு பஞ்சிழையின் குறுக்களவே சுமார் 12,000 முதல் 20,000 நானோமீட்டர் வரை இருக்கும். கண்ணுக்கு எட்டாத இத்துறையில் ஒருவர் கூறுவதை மற்றவர் எங்ஙனம் நம்புவது?

இதற்கென ஏற்பட்டவையே ஆராய்ச்சிப் பத்திரிகைகள். 1990-ல் இங்கிலாந்தின் பௌதிகக் கழகப் பதிப்பகம் ‘நானோடெக்னாலஜி’ என்னும் பத்திரிகையைத் தொடங்கிற்று. இத்துறைக்கெனவே தோன்றிய முதற் பத்திரிகை அதுவே. 2006-ல் ‘நேச்சர் நானோடெக்னாலஜி’ தோன்றியது.

இத்தகைய பத்திரிகைகளுக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் உடனே அச்சுக்கு அனுப்புவதில்லை. அதே துறையில் தேர்ந்த இருவர் அல்லது மூவரிடம் அதை ஒப்படைக்கிறார். செய்முறையும் அளவும் முடிவும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அவர்கள் பார்த்து, குறைகளை எழுதி அனுப்புகிறார்கள். நமது சங்கக் கணக்குகளுக்கு ஆண்டுத் தணிக்கை எப்படியோ, அப்படியே இதுவும்.

ஆயினும் தணிக்கையாளர் கண்ணிலும் மண்ணைத் தூவுவோர் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஷோன் என்பவர், மூலக்கூறு அளவிலேயே டிரான்சிஸ்டர் செய்ததாக எழுதிய கட்டுரைகள் தலைசிறந்த பத்திரிகைகளில் வெளிவந்தன. 2002-ல், வெவ்வேறு பரிசோதனைகளுக்குரிய வரைபடங்கள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதை வெளி ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தனர். விசாரணைக் குழு 24 புகார்களில் 16-ஐ மெய்யெனக் கண்டது. மூலக் குறிப்பேடுகளை அவரால் காட்ட இயலவில்லை. கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டன. பேரேடு அழகாயிருந்து, ரசீதுகள் இல்லாத சங்கத்தை நாம் என்னவென்போம்? கட்டுரைகளை மேற்பார்ப்போர் தம்மிடம் வந்த தாளையே பார்க்கிறார்கள். பரிசோதனையைத் தாமே செய்து பார்ப்பதில்லை. எனினும், யாவும் பகிரங்கமாக அச்சாகியிருந்தமையாலன்றோ புரட்டு பிடிபட்டது!

நெசவாளர்கள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி மற்றொன்று. துர்நாற்றம் எழாதிருக்க வெள்ளி நுண்துகள் சேர்த்த ஆறு வகைக் காலுறைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் நீரில் அலசிப் பார்த்தனர். முடிவு 2008-ல் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளிவந்தது. சில காலுறைகளிலிருந்து வெள்ளியின் பெரும்பகுதி நீரோடு போயிற்று. வேறு சிலவற்றில் ஏறக்குறைய அப்படியே தங்கிற்று. வெள்ளி எங்ஙனம் இழையில் பிணைக்கப்பட்டது என்பதிலேயே வேறுபாடு இருந்தது. உறைமீதுள்ள சொல்லைக் கொண்டு இவ்வேறுபாட்டை அறிய முடியுமா?

ஆகவே, ‘நானோ’ என்று கூறி நூற்பதம் செய்யும் சரக்கோ உரமோ விற்க வருவோரிடம் நமது சங்கங்கள் மூன்று கேள்விகள் கேட்கலாம். பரிசோதனை முடிவு எப்பத்திரிகையில் வெளிவந்தது? அளவுகள் எவை? தொடர்பில்லாத வேறு எவரேனும் செய்து பார்த்து அதே முடிவைக் கண்டனரா? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுவது நலம். செலவாவது அங்கத்தினர்களின் பங்குப் பணமன்றோ!