மாலைதீவு: நிலமும் நீரும் மக்களும்

கொழும்பிலே கடமை பார்த்த எம் பழைய மாணவர்களுள் மாசிச் சம்பலை அறியாதார் மிகச் சிலரேயாவர். சைவ உணவினர் எம்மைப் பொறுத்தருள்க. அம்மாசி எந்நாட்டிலிருந்து வந்தது, அந்நாட்டு மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பவற்றை உண்டோருள் எத்துணைப் பேர் சிந்தித்திருப்பர்? யாமும் சிந்தித்தோமல்லோம். சென்ற ஆண்டு, புவியியல் ஆசிரியர் வராத ஒரு நாளில் அவர் வகுப்பை யாம் பார்க்க நேர்ந்தது. தேசப்படத்தில் மாலைதீவைக் காட்டி, அந்நாடு கடல் மட்டத்தினின்றும் மிகச் சிறிதே உயர்ந்தது எனக் கூறினோம். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கடல் ஏறினால் அந்தச் சனங்கள் எங்கே போவார்கள்?" என வினவினான். தமிழாசிரியராகிய எமக்கு அன்று விடை தெரிந்திலது. அவ்விடையைத் தேடிக் கற்றவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நிலம்

இலங்கைக்குத் தென்மேற்கே இந்து சமுத்திரத்தில், வடக்குத் தெற்காக 800 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில், 1,190 அளவான சிறு தீவுகள் கோத்த மாலைபோற் கிடக்கின்றன. நாட்டின் பெயரும் அம்மாலையினின்றே பிறந்தது என்பர் அறிஞர் சிலர். தென்கோடியிலுள்ள அட்டுத் தொகுதி பூமத்திய ரேகைக்கும் தெற்கே உளது. நிலம் யாவற்றையும் ஒன்று சேர்ப்பினும் ஏறக்குறைய 300 சதுர கிலோமீற்றரே தேறும். எமது நெடுந்தீவைப்போல் ஆறு தீவுகள் எனலாம். இவற்றுள் மக்கள் குடியிருக்கும் தீவுகள் இருநூறுக்குங் குறைவு. நிலத்தில் ஐந்தில் நான்கு பங்கு கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் உயரத்துள் அடங்கும்.

இத்தீவுகள் முருகைக்கல்லின் ஆக்கம். பண்டு கடலினின்று எழுந்த எரிமலைகள் மெல்ல மெல்ல அமிழ, அவற்றைச் சூழ்ந்திருந்த முருகை உயிர்கள் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்தன. மலை மறைந்தது, வளையம் எஞ்சியது. வளையவடிவான முருகைப்பார் தோன்றும் முறையை 1842இல் டார்வின் என்னும் அறிஞர் இவ்வாறே விளக்கினார். அத்தகைய வளையத்துக்கு உலகெங்கும் வழங்கும் 'அற்றோல்' என்னும் ஆங்கிலச் சொல், மாலைதீவாரின் திவேகி மொழியிலிருந்து பெறப்பட்டதாகும்.

அங்கு ஆறுமில்லை, மலையுமில்லை. பருவக்காற்றுத் தரும் மழைநீர் மணலிலும் முருகைக்கல்லிலும் ஊறி, கீழே உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். மிகுதியாக இறைப்பின் உவர் மேலெழும். எமது குடாநாட்டுச் சுண்ணக்கல்லுள் நிற்கும் கிணற்றுநீரின் இயல்பும் இதுவே என்பதை வாசகர் உன்னுக. தலைநகராகிய மாலேயில் இவ்வூற்று முன்னரே கெட்டமையால், கடல்நீரை நன்னீராக்கியே மக்கள் பருகுகின்றனர். 2014 டிசெம்பரில் அந்நிலையத்தில் தீப்பற்றியபோது நகர் முழுதும் நீரின்றித் தவித்தது. இந்தியாவும் இலங்கையும் குடிநீர் அனுப்பி உதவின.

மக்கள்

2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் ஐந்து இலட்சத்துக்குச் சிறிது மேற்பட்டோர். அவருள் நான்கிலொரு பங்கினர் தொழில் நிமித்தம் வந்த பிறநாட்டார். ஐந்தில் இரு பங்கினர் மாலே நகர்ப் பகுதியிலேயே நெருங்கி வாழ்கின்றனர்.

திவேகி சிங்களத்துக்கு நெருங்கிய உறவுடைய மொழி. அதனை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. அதன் முதல் ஒன்பது எழுத்துக்கள் அரபு எண்களின் வடிவிலிருந்து ஆக்கப்பட்டவை என்பது, மொழி பயில்வார்க்கு வியப்புத் தரும் செய்தியாகும். பௌத்தராயிருந்த அம்மக்கள் 1153இல் இஸ்லாத்தைத் தழுவினர். முதலாம் இராசராச சோழன் கடலிடைப் பழந்தீவுகள் பன்னீராயிரம் கொண்டான் எனக் கல்வெட்டுக் கூறுவது இத்தீவுகளையே என்பர் வரலாற்றாசிரியர். பதினான்காம் நூற்றாண்டில் இபுனு பதூதா அங்கு நீதிபதியாயிருந்து, பின் இலங்கைக்கு வந்தார். 1887 முதல் பிரித்தானியரின் காப்பிலிருந்த நாடு, 1965 யூலை 26இல் முழுச் சுதந்திரம் பெற்று, 1968இல் குடியரசாயிற்று.

பொருள்

முற்காலத்தில் அந்நாட்டின் செல்வம் சோகி. வங்காளத்திலும் தூரத்து ஆபிரிக்காவிலும் அது நாணயமாக வழங்கிற்று. சோகியின் மதிப்பு வீழ்ந்தபின் மீனே நிலைத்தது. மாலைதீவார் சூரை மீனை வலையாற் பிடிப்பதில்லை. பாரிலே பிடித்த சிறுமீனை உயிருடன் தோணியிற் கொண்டு சென்று கடலில் எறிவர். சூரை திரண்டு வரும். முள்ளில்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுப்பர். அவ்வாறு பெற்ற மீனைத் துண்டமாக்கி, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, மரம்போல் இறுகும்வரை வெயிலில் உலர்த்தினால் மாசியாகும்.

அம்மாசிக்குக் கொழும்பே பெருஞ்சந்தை. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி முடையால் இலங்கை இறக்குமதியைக் குறைத்தபோது, ஒரே வாயிலை நம்பியிருந்த அந்நாடு பெரிதும் இடருற்றது. அக்காலத்திலேயே, 1972இல், உல்லாசப் பயணிகட்கான முதல் விடுதி திறக்கப்பட்டது. ஆளில்லாத் தீவொன்றுக்கு விடுதியொன்று என்ற முறையில் அத்தொழில் பெருகி, 2024இல் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கு சென்றனர். ஆயினும் ஒரு வாயில் போய் மற்றொரு வாயில் வந்ததேயன்றி, ஒன்றை நம்பியிருக்கும் நிலை மாறிற்றில்லை. 2020இல் கொள்ளைநோயால் எல்லை மூடப்பட்டபோது நாட்டின் வருவாய் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சுருங்கிற்று. அரிசி, கோதுமைமா, எரிபொருள் யாவும் கப்பலில் வருவனவே.

வினாவும் விடையும்

இனி மாணவனின் வினாவுக்கு வருவோம். தீவுகள் நாளையே மூழ்கிவிடும் என்பார் கூற்றுப் பொருந்தாது. அலை ஓரிடத்து மணலை வாரிப் பிறிதோரிடத்துச் சேர்க்கும்; முருகை உயிருடன் உள்ளவரை தீவுக்குப் புதுமணல் கிடைக்கும். ஆனால் கடல் வெம்மையுற்றால் முருகை வெளிறி மடியும். 1998இல் அவ்வாறு பெருமளவு மடிந்தது. மேலும், நிலம் மூழ்குமுன்னரே கிணறு உவராகும். கிணறு கெட்ட ஊர் மூழ்காதிருந்தும் பயனில்லை.

2004 டிசெம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையின் பின் கந்தொலுது என்னும் தீவின் மக்கள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் ஊருக்கு மீண்டிலர். சில ஆண்டுகள் அகதிகளாயிருந்து, பின்னர் வேறொரு தீவிற் குடியேறினர். மாலேயின் அயலில் 1997 முதல் கடலை நிரப்பி உயரமான புதிய தீவொன்று ஆக்கப்பட்டு, அங்கும் மக்கள் குடியேறி வருகின்றனர். 2008இல் சனாதிபதியான முகமது நசீது, இந்தியாவிலோ இலங்கையிலோ நிலம் வாங்குவது பற்றியும் பேசினார். ஆகவே விடை இது: இயன்றவரை தம் நாட்டுள்ளேயே, உயர்த்திய நிலத்துக்குப் போவர், அதுவும் இயலாதாயின், அயலார் வாயிலில் வந்து நிற்பர்.

ஊரை விட்டுப் பெயர்தல் இன்னதென்று எம் தலைமுறையினர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இதனை வகுப்பிற் கூறி முடித்தபோது அம்மாணவன் மீண்டும் எழுந்தான். "அப்போ எங்கட கிணறுகள், ஐயா?" என்றான். அவ்வினாவை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்களிடமே ஒப்படைக்கின்றோம். குளங்களைத் தூராது காத்தலும், வீழும் மழையை நிலத்துள் இறங்கவிடுதலும், அளவறிந்து இறைத்தலும் எமக்கு இயலாதன அல்ல. அயல்நாட்டைக் கற்பதன் பயன், தன் முற்றத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தலேயாகும்.