குரலை அளக்கும் மென்பொருள்

தாயின் குரலைக் கேட்ட அளவிலேயே அவள் மகிழ்ந்திருக்கிறாளா, சினந்திருக்கிறாளா என்பதைக் குழந்தை அறிந்து கொள்கிறது. சொல்லின் பொருள் விளங்குமுன்னரே குரலின் குறிப்பு அதற்கு விளங்கிவிடுகிறது. ஒலியை அளத்தல் நமக்குப் புதியதன்று. எழுத்தொலியின் மாத்திரையைக் கண்ணிமைப்பாலும் கைந்நொடியாலும் தொல்காப்பியர் அளந்து காட்டினார். ஆயின், குரலில் உறையும் குறிப்பையும் அளக்க இயலுமா? இவ்வினாவை ஒட்டி எழுந்த மென்பொருள்களுள் ஒன்று ‘ஓப்பன்ஸ்மைல்’. அதன் தோற்றம், செயல்முறை, பயன், எல்லை ஆகியவற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

தோற்றம்

ஜெர்மனி நாட்டின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு இம்மென்பொருளாக்கம் தொடங்கியது. ஃப்ளோரியன் ஐபன், மார்ட்டின் வோல்மர், பியோர்ன் ஷுல்லர் ஆகியோர் இதனை உருவாக்கினர். அக்காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ‘செமைன்’ என்னும் திட்டம் நடைபெற்று வந்தது. தன்னோடு பேசுவோரின் உணர்ச்சிக் குறிப்பை உணர்ந்து மறுமொழி கூறும் கணிப்பொறி உருவத்தைப் படைப்பதே அதன் நோக்கம். பேச்சை முழுதும் பதிவு செய்து பின்னர் ஆராய்வது இதற்குப் போதாது. பேசும்போதே ஆராய்தல் வேண்டும். அத்தேவையே இம்மென்பொருளின் அமைப்பை வகுத்தது. 2010இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் கூடிய பல்லூடக மாநாட்டில் இது அறிஞர் முன் வைக்கப்பெற்றது.

செயல்முறை

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். பேச்சாய்வில் ஒரு நொடி ஒலியைப் பெரும்பாலும் 16,000 எண்களாகப் பதிவு செய்வர். இவ்வெண்களை நேரே நோக்கின் எதுவும் புலப்படாது. எனவே ஒலியை 25 மில்லி நொடி அளவுள்ள துண்டுகளாகப் பகுப்பர்; ஒரு துண்டில் 400 எண்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டு தொடங்கிய 10 மில்லி நொடியில் தொடங்கும். ஆகவே நொடிக்கு ஏறத்தாழ 100 துண்டுகள் கிடைக்கின்றன.

ஒவ்வொரு துண்டிலும் ஒலியின் வலிமை, குரல்நாண் அதிர்வின் வேகம், இன்னோசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், ஒலியலை சுழியத்தைக் கடக்கும் எண்ணிக்கை முதலியன கணக்கிடப்படுகின்றன. செவியின் இயல்பும் கருத்திற் கொள்ளப்படுகிறது. நொடிக்கு 100 அதிர்வுக்கும் 200 அதிர்வுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எளிதில் உணர்கிறோம். 5,000க்கும் 5,100க்கும் உள்ள வேறுபாட்டை அவ்வளவாக உணர்வதில்லை. 1937இல் வகுக்கப்பட்ட ‘மெல்’ அளவுமுறை இவ்வியல்பைத் தழுவியது. அதன்வழிப் பெறப்படும் கெழுக்கள் குரலின் வண்ணத்தைச் சில எண்களில் அடக்கிக் காட்டும்.

இனி ஒரு சிக்கல். ஒருவர் இரண்டு நொடி பேசுகிறார். மற்றொருவர் பத்து நொடி பேசுகிறார். முன்னதில் 200 துண்டுகள், பின்னதில் 1,000 துண்டுகள். இரண்டையும் எவ்வாறு ஒப்பிடுவது? ஒவ்வொரு பண்பிற்கும் சராசரி, விலக்கம், உச்சம், தாழ்வு, ஏறுமுகம் அல்லது இறங்குமுகம் ஆகியவற்றைக் கணக்கிட்டால், எவ்வளவு நீண்ட பேச்சும் ஒரே எண்ணிக்கையுள்ள பண்புக்கூறுகளாகச் சுருங்கிவிடும்.

திறந்த மூலத்தின் பயன்

முன்னர் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனக்கெனக் கணக்கீட்டு முறை வைத்திருந்தது. இருவர் முடிவுகள் மாறுபட்டால், காரணம் கொள்கையிலா கணக்கீட்டிலா என்று அறிய வழியில்லை. 2009ஆம் ஆண்டு நடந்த உணர்ச்சியறிதல் போட்டியில் இக்குறை நீங்கத் தொடங்கியது. ‘ஐபோ’ என்னும் எந்திர நாயோடு ஜெர்மன் சிறார் பேசிய பேச்சுகளே அதற்குரிய தரவு. 16 அடிப்படைப் பண்புகள், அவற்றின் மாறுவேகங்கள் 16, ஒவ்வொன்றிற்கும் 12 புள்ளியியல் அளவுகள் என 384 கூறுகள் அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்டன. 2013இல் இத்தொகை 6,373 ஆக வளர்ந்தது. ஆயினும் 2016இல் வெளியான மற்றொரு தொகுதி, ஒலியியற் காரணம் தெளிவாக உள்ளவற்றை மட்டும் தேர்ந்து 88 கூறுகளோடு நின்றது. மிகுதி வேறு, தெளிவு வேறு என்பதை ஆய்வுலகம் உணர்ந்தமைக்கு இது சான்று.

இசைக்கும் இம்மென்பொருள் பயன்படும். ஒரு தாயியின் 12 சுரத்தானங்களில் ஒலியாற்றல் எவ்வாறு பகிர்ந்துள்ளது என்று காட்டும். ஆனால், சுரங்களுக்கிடையே அசைந்து செல்லும் கமகத்தைப் பன்னிரண்டு கட்டங்களில் முழுதும் அடக்கவியலாது. கர்நாடக இசை உள்ளிட்ட பல மரபுகளை ஆராய்ந்த பார்சிலோனாவின் ‘காம்ப்மியூசிக்’ திட்டம் 2011இல் தோன்றியது இத்தகைய குறைகளைக் கருதியே.

ஓப்பன்ஸ்மைலின் மூலநிரலை எவரும் பார்வையிடலாம். கல்விக்கும் ஆய்வுக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். வணிகத்திற்குத் தனி உரிமம் பெறவேண்டும்.

எல்லை

இம்மென்பொருள் அளக்கும், தீர்ப்புக் கூறாது. உரத்த, உயர்ந்த குரல் சினத்தாலும் எழலாம், மகிழ்ச்சியாலும் எழலாம், செவி மந்தமான முதியவரோடு பேசுவதாலும் எழலாம். இது சினம், இது மகிழ்ச்சி என்று பெயரிட்டுக் கணிப்பொறிக்குக் கற்பிப்போர் மனிதரே. ஜெர்மன் சிறாரின் குரலில் கற்ற பாடத்தைத் தமிழ் பேசும் முதியவர்மேல் ஏற்றினால் பிழை நேரும்.

அப்பிழையால் ஒருவர் வேலையை இழந்தால் என் செய்வது? ஒரு மாணவர் கவனமற்றவர் என்று குறிக்கப்பட்டால் என் செய்வது? இவ்வச்சம் கற்பனையன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் குரல், முகம் போன்ற உடற்கூறுகளைக் கொண்டு ஒருவரின் உணர்ச்சியை ஊகிப்பதைத் தடை செய்தது. மருத்துவமும் பாதுகாப்பும் மட்டுமே விலக்கு. 2025 பிப்ரவரியில் இத்தடை நடைமுறைக்கு வந்தது.

கருவி எம்மொழிக்கும் பொது. அதற்குக் கற்பிக்கும் சான்றுகளோ மொழிக்குரியன. தமிழ்ப் பேச்சின் ஏற்ற இறக்கங்களை, வட்டார வேறுபாடுகளை, மெய்ப்பாட்டுக் குறிப்புகளை அறிந்தோர் தமிழ் பயின்றோரே. அவர்கள் ஒதுங்கி நிற்பின், நம் குரலைப் பற்றிய தீர்ப்பை நம் மொழி அறியாதோர் எழுதுவர். தமிழ் மாணவர்கள் இத்துறையில் அடியெடுத்து வைக்க இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.